வீட்டுக்கு ஒரு போத்தல் பால்

நாட்டில் எல்லாவற்றுக்கும் வரிசை வந்த காலத்தில் நான் பால்மாவுக்கும் வரிசையில் நின்றிருக்கிறேன். அப்போது மகள் வயிற்றில். சந்திக் கடைக்குப் பால்மா வந்திருக்கிறது என்று கேள்விப்பட்டதும் குடையைத் தூக்கிக்கொண்டு ஓடினேன். ஆளுக்கு ஒரு பக்கற்தான் என்றார்கள். வெயில் மண்டையைப் பிளந்தது. எனக்கு முன்னால் நின்றவர்களில் பாதிப் பேர் மாடு வைத்திருப்பவர்கள். எனக்குப் பின்னால் நின்றவர் எங்கள் பகுதியிலேயே பெரிய பட்டிக்காரர். நானும் அன்று விடியப் பால் கறந்து, கடைசிச் சொட்டு வரை கானுக்குள் ஊற்றி, பால் சேகரிக்கும் நிலையத்துக்கு அனுப்பிவிட்டுத்தான் அங்கே வந்து நின்றேன். யாருக்கும் சிரிப்பு வரவில்லை. எனக்கும் வரவில்லை. என்னுடைய முறை வருவதற்குள் பக்கற் முடிந்துவிடுமோ என்ற பயம்தான் இருந்தது.

இப்போது நினைத்தால் சிரிப்பும் வருகிறது, கோபமும் வருகிறது. கோபம்தான் கொஞ்சம் கூடுதல்.

நாங்கள் இருப்பது கிளிநொச்சிப் பக்கம், ஒரு குளத்தை நம்பி உண்டான குடியேற்றத் திட்டத்தில். கணவரின் பெற்றோர் யாழ்ப்பாணத்திலிருந்து வந்து காடு வெட்டி வயலாக்கியவர்கள். நான் பூநகரிக் கடற்காற்றில் வளர்ந்தவள். வயல் ஆட்களும் கடல் ஆட்களும் வேறு வேறு என்று சொல்வார்கள். ஆனால் ஒரு விசயத்தில் இரண்டு பக்கமும் ஒரே மாதிரித்தான். நான் பிறந்த வீட்டில் பெரிய நண்டெல்லாம் லொறிக்குப் போகும், கால் உடைந்தது சட்டிக்கு வரும். கலியாணம் செய்து இங்கே வந்து பார்த்தால், நல்ல கத்தரிக்காய் சந்தைக்குப் போகிறது, புழு குத்தினது குசினிக்கு வருகிறது. கோழி முட்டை கடைக்குப் போய், அந்தக் காசில் அதே கடையிலிருந்து கிறீம் பிஸ்கற் வீட்டுக்கு வருகிறது. வீட்டுக்கு யாராவது வந்தால் கானில் நிற்கும் பாலைத் தொடமாட்டோம். பால்மாவைக் கரைத்துத் தேநீர் போட்டுக் கொடுப்போம். பசும்பாலில் தேநீர் போட்டால் பால்வாடை அடிக்கும் என்று நாங்களே ஒரு கதையும் கட்டி வைத்திருந்தோம்.

இதற்கெல்லாம் எங்கள் ஊரில் பெயர் மிச்சம் பிடிக்கிறது.

என் கணவர் மிச்சம் பிடிப்பதில் மன்னன். அவரைக் குறை சொல்வதற்கு முன்னால் நல்லதையும் சொல்லிவிட வேண்டும். குடி இல்லை, புகை இல்லை, சீட்டு விளையாட்டு இல்லை. இருட்டோடு எழும்பி மாட்டுக்குப் புல் வெட்டிப் போட்டுவிட்டுத்தான் வாய் கொப்பளிப்பார். இளம் வயதில், யுத்தம் துரத்தியபோது, ஒரு பட்டி மாட்டைக் கயிறு அவிழ்த்துத் துரத்திவிட்டு, ஒரு பையோடு நடந்து போனவர். திரும்பி வந்தபோது பட்டியும் இல்லை, வீடும் இல்லை, கிணற்றுக்குள் தண்ணீரைத் தவிர எல்லாம் இருந்தது. அப்படிப்பட்ட மனிதனுக்கு ஒரு போத்தல் பாலைச் சும்மா குடிப்பது என்றால் நெஞ்சு பதறும். அது எனக்கு விளங்கும். விளங்குகிறது என்பதற்காகச் சரி என்று ஆகிவிடாது.

அவருக்கு ஒரு பழக்கம். செல்வம் சேர்ப்பது எப்படி, நோயில்லாமல் வாழ்வது எப்படி, வாழ்க்கையில் முன்னுக்கு வருவது எப்படி என்று யாரோ பேசிப் பேசி அனுப்பும் குரல் பதிவுகளைத் தொலைபேசியில் போட்டு, மாட்டுக் கொட்டிலின் கப்புத் தூணில் கொழுவிவிடுவார். நான் பால் கறப்பேன், அவர் சாணம் அள்ளுவார், அந்த மனிதர் பேசுவார். விடியற்காலையில் எழும்புகிறவர்களைத் தேடித்தான் செல்வம் வருமாம். அப்படியென்றால் இந்தத் திட்டத்தில் மாடு வைத்திருக்கிற பெண்கள் எல்லோரும் இன்றைக்கு மாடிவீட்டில் இருக்கவேண்டும் என்று நான் ஒருநாள் சொன்னேன். கணவர் சத்தத்தை இன்னும் கொஞ்சம் கூட்டிவைத்தார். மாடுகள்தான் பாவம், அவற்றுக்கு எழும்பிப் போக வழியில்லை.

முதல் மாடு வந்தபோது, வீட்டுக்குப் பால் எடுப்போமா என்று கேட்டேன். இரண்டாவது மாடு வரட்டும் என்றார். சிவப்பு மாடு இரண்டாவதாக வந்தது. அப்போதும் கேட்டேன். இரண்டு மாட்டுப் பால் போனால்தான் மூன்றாவது மாட்டைப் பற்றி யோசிக்கலாம் என்றார். அதற்கிடையில் மகள் பிறந்தாள், தவழ்ந்தாள், நடந்தாள். தாய்ப்பால் மறந்த பிறகு அவள் குடித்ததும் நாங்கள் குடித்த பால்மாத் தேநீர்தான். கிறீம் பிஸ்கற்றை அதில் தோய்த்துத் தோய்த்துச் சாப்பிடுவாள். அதைப் பார்த்து நான் சந்தோசப்பட்டிருக்கிறேன். கடையில் வாங்கினதைக் கொடுப்பதுதான் பிள்ளையை நன்றாக வளர்ப்பது என்று மனதுக்குள் ஒரு எண்ணம்.

மாதத்துக்கு ஒருமுறை எங்கள் பொதுநோக்கு மண்டபத்தில் கிளினிக் நடக்கும். குடும்பநல மாது ஸ்கூட்டியில் வந்து இறங்குவா. கூரை வளையில் தராசைத் தொங்கவிட்டு, பிள்ளைகளைத் துணிப்பைக்குள் இருத்தித் தூக்கி நிறுப்பா. ஒவ்வொரு பிள்ளையும் கத்தும் கத்தில் மண்டபம் கிடுகிடுக்கும். அன்று என் மகள் கத்தவில்லை. பைக்குள் சோர்ந்துபோய்த் தொங்கிக்கொண்டு என்னைப் பார்த்தாள். மாது அட்டையில் புள்ளி போட்டா. போன மாதத்துப் புள்ளிக்குக் கீழே போட்டா. அதற்கு முதல் மாதமும் கீழேதான்.

“உங்கட வீட்டில மாடு நிக்குதெல்லே?” என்று கேட்டா.

“ஓம் மிஸ். ரெண்டு நிக்குது.”

“ரெண்டும் பால் கறக்குதோ?”

“ஓம் மிஸ்.”

“அப்ப பிள்ளை என்ன குடிக்கிறவா?”

நான் சொன்னேன். மாது பேனையைக் கீழே வைத்துவிட்டா. வரிசையில் நின்ற தாய்மார் எல்லோரும் காதைத் தீட்டிக்கொண்டு நின்றார்கள்.

“பாலை ஊருக்குக் குடுத்துப்போட்டுப் பிள்ளைக்குத் தேத்தண்ணியோ அம்மா? தேத்தண்ணி குடிச்சால் பசியும் கெடும், இரத்தமும் ஊறாது. ஒரு தம்ளர் பால், ஒரு முட்டை, கொஞ்சம் முருங்கையிலை. உங்கட வளவுக்குள்ள இல்லாதது ஒண்டும் நான் சொல்லேல்லை. இப்பிடியே இறங்கிக்கொண்டு போனால் பெரியாஸ்பத்திரிக்கு எழுதவேண்டி வரும்.”

வீட்டுக்கு வரும் வழியெல்லாம் முகம் எரிந்தது. வெட்கத்தால் பாதி, பயத்தால் பாதி. தோளில் சாய்ந்திருந்த பிள்ளையின் முதுகெலும்பு கைக்குத் தட்டுப்பட்டது. அது எப்போதும் தட்டுப்பட்டிருக்க வேண்டும். அன்றுதான் என் கைக்குத் தெரிந்தது.

கணவர் கொட்டிலில் நின்றார். மாது சொன்னதை ஒன்றுவிடாமல் சொன்னேன். அவர் பிள்ளையைத் தூக்கிப் பார்த்தார், சிரித்தார்.

“மெலிவு எங்கட பரம்பரை. என்னைப் பார், நான் என்ன குறைஞ்சே போனன்?”

“இஞ்சருங்கோப்பா, ஒரு போத்தல் வீட்டுக்கு எடுப்பமே. ஒண்டே ஒண்டு.”

“மூண்டாவது மாடு வரட்டும். அதின்ர பால் முழுக்க வீட்டுக்குத்தான். நீயும் குடி, பிள்ளையும் குடிக்கட்டும், பூனைக்கும் ஊத்து.”

நான் அதற்குமேல் கதைக்கவில்லை. கதைத்துப் பிரயோசனம் இல்லாத இடம் எது என்று இத்தனை வருடக் குடும்ப வாழ்க்கையில் எனக்குத் தெரியும். அடுத்த நாள் விடியக் களவெடுக்கத் தொடங்கினேன்.

களவு என்று அவருடைய பக்கத்திலிருந்து சொல்கிறேன். எனக்கு அதில் ஒரு வெட்கமும் இல்லை. நான் கறந்த பால், நான் பெற்ற பிள்ளை. சிவப்பு மாட்டைக் கறந்ததும், கானுக்குள் ஊற்றுவதற்கு முன் ஒரு போத்தலை நிரப்பி, குசினிக்குள் விறகுக்குப் பின்னால் வைத்துவிடுவேன். அவர் கானை மோட்டார் சைக்கிளில் கட்டிக்கொண்டு படலையைத் தாண்டியதும் பாலைக் காய்ச்சுவேன். முதல் நாள் மகள் ஒரு வாய் குடித்துவிட்டுத் துப்பினாள். பிஸ்கற் கேட்டு அழுதாள். விடவில்லை. கொஞ்சம் பனங்கற்கண்டு போட்டு, கதை சொல்லி, காகத்தைக் காட்டி, எப்படியோ பருக்கினேன். ஒரு கிழமைக்குள் போத்தலைக் கண்டதும் தானே ஓடிவந்து சேலையைப் பிடித்து இழுக்கத் தொடங்கினாள். மேலுதட்டில் பால் மீசை இருக்கும். அதைத் துடைக்காமல் நான் அவளை முற்றத்துக்கு விட்டதில்லை. பிள்ளைக்கு அவித்துக் கொடுத்ததில் முட்டைக் கணக்கும் கொஞ்சம் இடித்தது. அதற்குக் கீரியில் பழியைப் போட்டேன்.

பால் குறைந்தது நிலையத்தில் தெரிந்துவிட்டது. தண்ணீர் கலந்து சரிக்கட்ட முடியாது. அங்கே பால்மானியைப் போட்டுப் பார்ப்பார்கள், ஒரு கோப்பைத் தண்ணீரும் தப்பாது. எனக்கும் அந்த எண்ணம் வரவில்லை. கணவர் முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு வந்தார்.

“சிவப்பி குறைக்குது. கண்டுக்குட்டி களவாக் குடிக்குது போல.”

கன்றுக்குட்டியின் கயிற்றைக் குறுக்கி, தள்ளிக் கட்டினார். அது என்னைப் பார்த்துக் கத்தியது. அதனிடம் மட்டும் நான் மன்னிப்புக் கேட்கவேண்டும். கன்றைத் தள்ளிக் கட்டியும் பால் கூடவில்லை. அன்றைக்கே மனிதன் மோட்டார் சைக்கிளை முறுக்கிக்கொண்டு போய், மாட்டு டொக்டரைக் கையோடு கூட்டிக்கொண்டு வந்துவிட்டார்.

டொக்டர் மாட்டின் கண்ணை விரித்துப் பார்த்தார், வயிற்றைத் தட்டிப் பார்த்தார். மாட்டுக்கு வருத்தம் ஒன்றும் இல்லை, ஆனால் கறக்கிற அளவுக்குத் தீனி போதாது என்றார். பூச்சி மருந்து கொடுங்கள், புண்ணாக்கைக் கூட்டுங்கள், தண்ணீரை எப்போதும் முன்னால் வையுங்கள், பச்சைப் புல் நடுங்கள் என்றார். கணவர் எல்லாவற்றையும் செய்தார். வாய்க்கால் ஓரம் புல் நட்டார். வெயிலில் தண்ணீர் வாளி சுமந்தார். புண்ணாக்கை ஊறவைத்துக் கையால் கரைத்து ஊட்டாத குறை. சாயந்தரத்தில் சிவப்பு மாட்டின் கழுத்தைத் தடவிக்கொண்டு, “என்னம்மா, ஏலாதோ?” என்று கேட்டுக்கொண்டு நிற்பார்.

நான் குசினி வாசலில் நின்று இதைப் பார்ப்பேன். சிரிப்பு வரவேண்டிய இடம். எனக்கு வயிறு எரிந்தது. மாட்டைப் பார்த்துப் பொறாமைப்பட்ட பெண் உலகத்தில் நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன். எனக்காக இல்லை, பிள்ளைக்காக.

ஆனால் மாடு பொய் சொல்லாது. நல்ல தீனியும் தண்ணீரும் சேரச் சேரப் பால் ஏறத் தொடங்கியது. நான் என்னுடைய போத்தலை எடுத்த பிறகும் கான் பழையபடி நிறைந்தது, பிறகு அதற்கு மேலேயும் போனது. ஒருநாள் நிலையத்திலிருந்து வந்தவர் படலையிலேயே கூப்பிட்டுச் சொன்னார்.

“பாத்தியே, குறைஞ்ச போத்தல் திரும்பி வந்திட்டுது! எல்லாம் கவனிப்பு. கவனிச்சால் வரும்.”

“ஓமோம்,” என்றேன். “கவனிச்சால் வரும்தான்.” சிரிப்பை அடக்கமுடியாமல் அடுப்பை ஊதுவது போல் குனிந்துகொண்டேன்.

களவு தொடங்கிய பிறகு வந்த முதல் கிளினிக்கில் பிள்ளையின் நிறை இறங்காமல் நின்றது. அடுத்த மாதம் கொஞ்சம் ஏறியது. நான் ஒருவருக்கும் சொல்லவில்லை. கொண்டாடினால் கண் பட்டுவிடும் என்பது ஒன்று, அகப்பட்டுவிடுவேன் என்பது இன்னொன்று. அதற்கு அடுத்த கிளினிக் நாளில் மழை பெய்து பாதையெல்லாம் சேறு. நடந்து போகவேண்டாம் என்று கணவர் எங்களை ஏற்றிக்கொண்டு போனார். இறக்கிவிட்டுப் போய்விடுவார் என்றுதான் நினைத்தேன். மனிதன் மோட்டார் சைக்கிளை நிறுத்திவிட்டு உள்ளே வந்து, சுவரோடு சாய்ந்து நின்றுகொண்டார்.

மகளைப் பைக்குள் இருத்தித் தூக்கியதும் அவள் காலை உதறி, தராசே ஆடும்படி கத்தினாள். மாது சிரித்துவிட்டா. புள்ளி போட்டா, போட்டதைத் திரும்பவும் பார்த்தா. பிறகு மண்டபத்துக்கே கேட்கும்படி சொன்னா:

“இஞ்ச பாருங்கோ, இந்தப் பிள்ளை எப்பிடி ஏறியிருக்கிறா எண்டு! அம்மா, என்ன குடுத்தனீங்கள்? எல்லாருக்கும் சொல்லுங்கோ.”

சத்துமா என்று சொல்லித் தப்பியிருக்கலாம். கிளினிக்கில் கொடுப்பதுதான், யாரும் சந்தேகப்படமாட்டார்கள். சொல்ல வாயெடுத்தும்விட்டேன். அப்போதுதான் வரிசையில் நின்றவர்களைப் பார்த்தேன். எனக்கு அடுத்ததாக நின்றவளின் பிள்ளையும் கரிக்குருவி போலத்தான் இருந்தது. அவள் வீட்டிலும் மாடு நிற்கிறது. அவள் என் வாயையே பார்த்துக்கொண்டு நின்றாள். நான் பொய் சொன்னால் அவள் அந்தப் பொய்யைத்தான் வீட்டுக்குக் கொண்டுபோவாள்.

“பால் மிஸ்,” என்றேன். “எங்கட மாட்டுப் பால். ஒவ்வொரு நாளும் விடிய ஒரு போத்தல், கானுக்குள்ள ஊத்திறதுக்கு முதல் எடுத்து வைக்கிறனான். முட்டையும் குடுக்கிறனான்.”

சுவர்ப் பக்கம் திரும்பிப் பார்க்க எனக்குத் துணிவு வரவில்லை.

திரும்பி வரும்போது பிள்ளை எங்கள் இருவருக்கும் நடுவில் இருந்தாள். வாய்க்கால் பாதையில் மருதமர நிழல் வந்ததும் அவர் மோட்டார் சைக்கிளை நிறுத்தினார்.

“எப்ப துடக்கம்?”

“மெலிவு எங்கட பரம்பரை எண்டு சொன்ன அண்டைக்கு அடுத்த நாள் துடக்கம்.”

“நான் மாட்டு டொக்டரைக் கூட்டிக்கொண்டு வந்து, பூச்சி மருந்து குடுத்து, விசரன் மாதிரித் தண்ணி சுமந்து… நீ பாத்துக்கொண்டு நிண்டனி.”

“ஓம், பாத்துக்கொண்டுதான் நிண்டனான்.”

“எனக்கு ஒரு சொல்லுச் சொல்லியிருக்கலாமெல்லே?”

அவ்வளவு நாளும் உள்ளே கிடந்தது அப்போது வெளியே வந்துவிட்டது. நான் கத்தவில்லை. கத்தினால் பிள்ளை பயப்படுவாள்.

“சொன்னனான். பிள்ளைக்கு நிறை குறைஞ்சு போச்சு எண்டு வந்து சொன்னனான். நீங்கள் சிரிச்சனீங்கள். மாட்டுக்கு ஒரு போத்தல் குறைஞ்ச உடன டொக்டரைக் கையோட கூட்டிக்கொண்டு வந்தனீங்கள்.”

அவர் வாய்க்காலையே பார்த்துக்கொண்டு நின்றார். மழைத் தண்ணீர் கலங்கி ஓடிக்கொண்டிருந்தது. மகள் அவருடைய சட்டைப் பையில் கையை விட்டு எதையோ தேடினாள். அவர் அந்தக் கையைப் பிடித்தார். மணிக்கட்டைச் சுற்றித் தன் விரல்களால் அளந்து பார்ப்பது போல் பிடித்துக்கொண்டு நின்றார்.

“நான் அப்ப மாட்டைத்தான் பாத்தனான்,” என்றார். “பிள்ளையைப் பாக்கேல்லை.”

இத்தனை வருடத்தில் அவர் தன்னுடைய பிழையைத் தன் வாயால் சொல்லி நான் கேட்டதில்லை. ஒரு பெரிய சண்டைக்கு இடுப்பைக் கட்டிக்கொண்டு நின்றவள், சேலைத் தலைப்பால் பிள்ளையின் முகத்தைத் துடைத்தேன். வீட்டுக்குப் போவோம் என்று மட்டும் சொன்னேன். அவர் ஏறி இருந்தார், உதைத்து ஸ்டார்ட் பண்ணினார், பிறகு அதை நிறுத்திவிட்டுத் திரும்பிப் பார்த்தார்.

“நீ?”

“நான் என்ன?”

“நீ குடிச்சனியோ?”

“எனக்கென்னத்துக்கு? நான் வெறுந்தேத்தண்ணிதான்.”

மனிதனுக்குக் கோபம் வந்துவிட்டது. பால் களவு போனதற்கு வராத கோபம் அதற்கு வந்தது.

“களவெடுத்தும் நீ ஒரு வாய் குடிக்கேல்லையோ!”

எனக்கு அது உறைக்கவே சற்று நேரம் எடுத்தது. எத்தனை விடியல் அந்தப் பாலைக் காய்ச்சியிருக்கிறேன், ஆற்றியிருக்கிறேன், பிள்ளை மிச்சம் விட்டதைக்கூட மதியத்துக்கு என்று மூடி வைத்திருக்கிறேன். ஒருநாளாவது என் வாயில் வைக்கவேண்டும் என்று தோன்றவில்லை. அவருடைய கண்ணில் பிள்ளை படவில்லை என்று அத்தனை கோபப்பட்ட என் கண்ணில் நானே படவில்லை.

அடுத்த நாள் விடிய நான் கறந்துகொண்டிருக்கும்போதே அவர் வாளியை வாங்கிக்கொண்டு குசினிக்குள் போய்விட்டார். கொஞ்ச நேரத்தில் பால் பொங்கி அடுப்பில் வழிந்த மணம் கொட்டில் வரை வந்தது. அவருக்குப் பால் காய்ச்சத் தெரியாது. ஓடிப்போய்ப் பார்த்தால், அடுப்பெல்லாம் பால், சட்டி அடிப்பிடித்திருக்கிறது, மகள் ஏற்கெனவே தன்னுடைய பங்கைக் குடித்துவிட்டு மீசையோடு நிற்கிறாள். அவர் இன்னொரு கோப்பையை நிரப்பி என் கையில் தந்தார்.

“கான் பிந்துது,” என்றேன்.

“பிந்தட்டும். முழுக்கக் குடி.”

நான் குடித்து முடியும்வரை அந்த மனிதன் குசினி வாசலை மறைத்துக்கொண்டு நின்றார். பால் புகை மணத்தது, ஆடை உதட்டில் ஒட்டியது. சூடு நெஞ்சுவழியாக இறங்கியது. முதல் மாடு வந்த நாள் தொடக்கம் அந்த வளவில் பால் கறந்தவள் நான். எங்கள் மாட்டுப் பால் இவ்வளவு இனிக்கும் என்று எனக்கு அன்றைக்குத்தான் தெரியும்.